நாற்பத்தொரு கிளாஸும் ஒரு வாய்த் தண்ணியும்

குடிப்பதற்காகக் கிளாஸை எடுக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கிளாஸை எடுப்பதற்காகவே குடிக்கிற மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் திருச்சுழியில் குடியிருக்கிறார். அருப்புக்கோட்டையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த நூற்பாலையில், நூலின் தடிமனையும் பலத்தையும் சோதித்துப் பார்க்கிற லேப்பில் இருந்தார். பதினெட்டு வருஷம் டைம் ஆபீஸில் உட்கார்ந்து அவர் வருகையைக் குறித்தவன் நான். எனக்கே அவர் பெயரைச் சொல்ல ஏட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கிளாஸ்காரர் என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

அவர் பெருங்குடிகாரர் என்று நீங்கள் நினைத்தால் அந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது. என்னை விடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். மாதத்தில் ஒரே ஒரு நாள், முதல் ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணிக்கு, இரண்டு விரற்கடை விஸ்கி. அவ்வளவுதான் அவர் கணக்கு. எங்கள் ஃபிட்டர் பாண்டி வாய் கொப்பளிக்கிற அளவுகூட அது கிடையாது. ஆனால் அந்த இரண்டு விரற்கடையை எதில் ஊற்றுவது என்று முடிவு செய்வதற்கு அவருக்கு முக்கால் மணி நேரம் வேண்டும்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்றால், மில்லில் புது மெஷின் மாட்ட ஜெர்மனியிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். மூன்று மாதம் நம் வெயிலில் வெந்து சிவந்துபோய் ஊருக்குக் கிளம்புகையில், கூடவே நின்று உதவிய கிளாஸ்காரருக்கு ஒரு கிளாஸைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். அடியில் குண்டாக, வாயில் குறுகலாக, குட்டையான காலோடு இருந்தது. எங்களுக்கெல்லாம் அது மண்ணெண்ணெய் விளக்குச் சிம்னியை யாரோ தலைகீழாகப் பிடித்தது போலத் தெரிந்தது. கிளாஸ்காரருக்கு அது ஞானம். அன்றிலிருந்து பொருட்காட்சி, பழைய சாமான் கடை, கப்பலில் போய் வந்தவர் வீடு என்று அலைந்து நாற்பத்தொரு கிளாஸ் சேர்த்துவிட்டார். மற்ற வீடுகளில் பிள்ளைகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கப்பு இருக்கிற ஷோகேஸில், இவர் வீட்டில் கிளாஸ்கள் இருந்தன.

"எம்மக ஸ்டேட் லெவல்ல கோகோ ஆடி வாங்குன கப்பு பரண்ல கெடக்கு. இந்த வெறுங் கிளாஸுக்குத் தெனமும் துடைப்பு வேற" என்பார் அவர் மனைவி.

"வெறுங் கிளாஸு இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கு" என்பார் இவர்.

எங்களுக்கு அவர் விளக்கம் சொல்கிற அழகே தனி. "மோர்ப்பானை வாய் ஏன் சார் குறுகலா இருக்கு? வாசம் வெளிய ஓடிரக் கூடாதுன்னுதான். விஸ்கியில பாதி மூக்குக்கு, பாதிதான் நாக்குக்கு. வாய் அகலமான கிளாஸுல ஊத்துனா மூக்கோட பங்கு காத்துல போயிரும். சோடா ஊத்திக் குடிக்கிறவுகளுக்கு ஒசரமான கிளாஸு. ஐஸு போடுறவுகளுக்கு அடி கனமான கிளாஸு. எவர்சில்வர் டம்ளர்ல ஊத்துனீகன்னா விஸ்கிக்குச் சளி பிடிச்சிரும்."

பாண்டி விடுவாரா? "ஏலே, வயித்துக்குள்ள போனப்புறம் அதுக்கு எந்தக் கிளாஸுல வந்தோம்னு ஞாபகமா இருக்கும்?" என்று யாரிடமோ கேட்பது போல இவருக்குக் கேட்கச் சொல்வார்.

ஒரு முறை சோதித்தே விட்டார்கள். யாரோ ஓய்வு பெற்ற விருந்து. பாண்டி ஒரே பாட்டிலிலிருந்து ஆறு பாத்திரங்களில் ஊற்றி வைத்து, கிளாஸ்காரர் கண்ணைத் துண்டால் கட்டி, ஒவ்வொன்றாக மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினார். தொடக்கூடாது, குடிக்கக்கூடாது, மோந்து மட்டும் சொல்ல வேண்டும். இது குட்டை, இது நெட்டை, இது காபி டம்ளர் என்று ஐந்தையும் மனிதர் சரியாகச் சொல்லிவிட்டார். ஆறாவது பிளாஸ்டிக் கப். அதை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது நம்ம கேன்டீன் கப்பு. இதுல மோர் குடுத்திருக்கான். கறிவேப்பிலை போட்ட மோரு." கேன்டீன்காரரைக் கூப்பிட்டு விசாரித்தால் அப்படியே உண்மை. அன்றைக்கு அங்கே எழுந்த கைதட்டலில் ஓய்வு பெற்ற ஆளை எல்லோரும் மறந்துவிட்டோம்.

வெளியூர்க் கல்யாணம், காதுகுத்து என்று போனால் ஒரு கிளாஸைக் காலுறைக்குள் போட்டு, அந்தக் காலுறையைத் துண்டில் சுற்றி, துண்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்காருவார். கூட்டம் நெருக்கினால், "ஐயா, கொஞ்சம் பாத்து. மடியில புள்ளை இருக்கு" என்பார். ஒரு கண்டக்டர் அதை நம்பி முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இத்தனை பாடுபட்டுக் கொண்டுபோன கிளாஸில் அங்கே இவர் குடிப்பது பன்னீர் சோடா. ஏனென்றால் அது முதல் ஞாயிறு இல்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் எந்தக் கிளாஸ் பொருந்தும் என்று பார்த்து வைத்திருப்பார். மேனேஜருக்கு நெட்டையான ஒல்லி கிளாஸ். "உள்ள ஐஸும் சோடாவும்தான். சரக்கு அடியில கொஞ்சூண்டு." பாண்டிக்கு ஒரே மடக்கில் கவிழ்க்கிற குட்டிக் கிளாஸ். வயிற்றுப்புண்காரனான நான் குடிப்பதில்லை. இருந்தாலும் ஆசை யாரை விட்டது? வருஷா வருஷம் கேட்பேன். "எனக்கு எந்தக் கிளாஸு?"

தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்ப்பார். "உங்களுக்கு இன்னும் புடிபடல சார்" என்பார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மேனேஜருக்குப் பிடிபடுகிறது, எனக்குப் பிடிபடவில்லையா?

இனி என் பாவக் கதை. மில் வாசலில் ஒரு டீக்கடை. ஒரு நாள் மதியம் டீயும் கையுமாக நிற்கிறேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கையில் மஞ்சள் பை. நம் பக்கத்தில் இப்படி இரண்டு பேர் வந்து டீக்கடையில் நின்றால், யார் வீட்டுப் பெண்ணையோ விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டால் மூளை பின்னால் நடந்து வருகிற பிறவி நான்.

"லேப்ல வேலை பாக்குறாரே, திருச்சுழிக்காரரு. ஆளு எப்படி?" என்று ஒருவர் கேட்டார்.

"யாரு, கிளாஸ்காரரா?" என்றேன். அந்தப் பெயரைக் கேட்டு அவர்கள் முகம் மாறியதை அன்றே கவனித்திருக்க வேண்டும். "கிளாஸு இல்லாம அவரப் பாக்கவே முடியாதுங்க. வீட்டுல நாப்பத்தொண்ணு வச்சிருக்காரு. பஸ்ஸுல போனாலும் மடியில ஒண்ணு இருக்கும். கொழம்புல உப்பு இல்லாட்டி விட்டுருவாரு. கிளாஸு மாறுச்சு, தொலைஞ்சோம். கண்ணக் கட்டிவிட்டாலும் மோந்தே சொல்லிருவாருன்னா பாத்துக்கிடுங்க!"

அவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிற ஆளைக் கண்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இல்லாததையும் இரண்டு சேர்த்துச் சொன்னேன். முதல் ஞாயிறு, இரண்டு விரற்கடை என்கிற விஷயத்தைச் சொல்லவே இல்லை. அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லையே. கடைசியில் மஞ்சள் பைக்காரர், "பொண்ணு எப்படி?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. "பொண்ணு தங்கம்ங்க! தங்கம்!" என்று நான் கத்தினேன். பைக் ஏற்கனவே கிளம்பியிருந்தது.

கிளாஸ்காரருக்கு ஒரே மகள் நிவேதா. மதுரையில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை. மாப்பிள்ளை காரியாபட்டிக்காரன், அவனும் தினமும் மதுரைக்குப் பஸ் ஏறுகிறவன். ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, இரண்டும் போனில் பேசிப் பழகி, அடுத்து பெண் பார்க்க வருவதுதான் பாக்கி என்கிற நிலையில்தான் அந்த இரண்டு பேர் டீக்கடைக்கு வந்திருக்கிறார்கள். நாலாம் நாள் தரகர் போன் செய்து, "அவுக இப்பதைக்கு வேண்டாம்னுட்டாக" என்று சொல்லிவிட்டார்.

கிளாஸ்காரர் லேப்பில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எதிரில் நூல் சுற்றி வருகிற பெரிய அட்டைப் பெட்டிகள் இரண்டு.

"இது எதுக்கு?" என்றேன்.

"கிளாஸையெல்லாம் கட்டி வைக்கத்தான் சார். கழிவுப் பஞ்சு கொஞ்சம் கேட்டு வாங்கியிருக்கேன், நடுவுல வச்சு அடைக்க. யாரோ என்னக் குடிகாரன்னு சொல்லிட்டாக போலருக்கு. நல்ல எடம் சார். எம்மக ஒண்ணும் சொல்லல. சோறுதான் எறங்க மாட்டேங்குது அவளுக்கு."

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பேன். கேட்காததால் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காரியாபட்டி பஸ்ஸில் ஏறினேன்.

மாப்பிள்ளையின் அம்மாதான் அந்த வீட்டின் கலெக்டர். நூறு நாள் வேலையில் மேற்பார்வை பார்க்கிறவர், குரலிலேயே அது தெரிந்தது. அப்பா ஒரு மூலையில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, ஆனால் பக்கம் புரளவே இல்லை.

"நாந்தான் டீக்கடையில பேசுனவன். நான் சொன்னதெல்லாம் வெளையாட்டுக்கு" என்றேன்.

"நாப்பத்தொரு கிளாஸு இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா..."

"சார், இந்தா உக்காந்திருக்காகல்ல, இவுக ஒத்தக் கிளாஸ வச்சுக்கிட்டே எங்க கம்மாக்கரைக் காட்டக் குடிச்சு முடிச்சாக. இப்பத்தான் ரெண்டு வருசமா நிறுத்தியிருக்காக. நாப்பத்தொரு கிளாஸு வச்சிருக்க ஆளச் சம்பந்தியாக்குனா எங்கதி என்ன?"

இல்லாதது எதையும் சேர்க்காமல் பேசினேன். அது என் வாழ்க்கையில் முதல் தடவை. "வர்ற ஞாயித்துக்கெழமை அவரு குடிக்கிற நாளும்மா. நீங்களே கண்ணால வந்து பாத்துருங்க. அப்புறமும் வேண்டாம்னா, நான் இந்த ஊர்ப் பக்கமே தலைவைக்க மாட்டேன்" என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் முன்னாலேயே திருச்சுழிக்குப் போய்க் கிளாஸ்காரர் வீட்டில் காத்திருந்தேன். நாலரை மணிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் வந்து இறங்கினார்கள். நிவேதாவின் அம்மா ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"இருக்கட்டும், வேண்டாம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது இந்தப் பக்கத்து வழக்கம். பச்சைத் தண்ணீர் குடித்தாலும் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். வேகாத வெயிலில் வந்து நாக்கு வறண்ட அந்த அம்மா, தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செம்பு திரும்பி உள்ளே போனது. கதவோரம் நின்ற நிவேதாவின் முகமும் கூடவே போனது.

குடித்துக் காட்டச் சொன்னதும் கிளாஸ்காரர் ஒரேயடியாக மறுத்தார். "விட்டாச்சு சார். இனிமே தொட மாட்டேன்."

"நீரு குடிச்சுத்தான் ஆகணும்!" என்று நான் அதட்டினேன். குடிகாரன் இல்லை என்று நிரூபிப்பதற்காக ஒரு மனிதனைக் குடிக்கச் சொல்லிக் கெஞ்சியது உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

மனிதர் வேண்டா வெறுப்பாகத்தான் பெட்டியைப் பிரித்தார். பஞ்சைக் கிளறி ஒரு கிளாஸை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பஞ்சு வாசம் ஏறியிருக்கிறது என்று கழுவினார். துடைத்தார். காற்றாட விட்டார். மோந்தார். உதட்டைப் பிதுக்கி இன்னொன்றை எடுத்தார். அதற்குள் எதிரில் இருப்பவர்களை மறந்தே போனார். "இன்னைக்குப் புழுக்கமா இருக்கு. குட்டைக் காலு வேண்டாம், கைச்சூடு ஏறிரும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். ஐந்து மணி ஐந்தே முக்கால் ஆயிற்று. கடைசியில் அந்த ஜெர்மனிக் கிளாஸே ஜெயித்தது. பரணிலிருந்த பாட்டிலை இறக்கி, இரண்டு விரலை வைத்து அளந்து ஊற்றினார். லேப்பில் மருந்து சொட்டு விடுகிற கண்ணாடிக் குழாயை எடுத்து, ஐந்து சொட்டுத் தண்ணீர் விட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இதற்குள் நாலு தடவை எச்சில் விழுங்கியாயிற்று. அந்த அம்மாவுக்குப் பொறுமை போயிற்று.

"ஏங்க, எப்பத்தான் குடிப்பீக?"

"இன்னும் பத்து நிமிசம்மா. விட்ட தண்ணி எறங்கணும்."

"பாட்டிலு என்னைக்கு வாங்குனது?"

"போன பொங்கலுக்கும்மா" என்றார் நிவேதாவின் அம்மா உள்ளேயிருந்து. "இன்னும் பாதி கெடக்கு."

அந்த அம்மா பாட்டிலைப் பார்த்தார். பிரித்துப் பரப்பிக் கிடந்த கிளாஸ்களைப் பார்த்தார். "எதுக்குங்க இம்புட்டுக் கிளாஸு? ஒரு மனுசனுக்கு ஒண்ணு பத்தாதா?"

மூக்கு, நாக்கு, மோர்ப்பானை என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் வேறொன்றைச் சொன்னார்.

"எங்கய்யா எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்தி எடுக்கப் போவாரும்மா. நானும் சின்னதுல கூடப் போயிருக்கேன். காட்டுக்காரவுக வீட்டுல கஞ்சின்னாலும் தேங்காச் சிரட்டைதான், காபின்னாலும் சிரட்டைதான். தொழுவத்துல ஆணியில தொங்கும். நாமளே எடுத்து, குடிச்சு, கழுவி மாட்டணும். எங்கய்யா சாகுற வரைக்கும் அடுத்த வீட்டுல ஒரு கிளாஸக் கையில வாங்குனதில்ல. அந்த ஜெர்மனிக்காரரு, 'இது உனக்குப் பொருத்தமான கிளாஸு'ன்னு எங்கையில குடுத்தாரு. அன்னையிலருந்துதான் இந்தக் கிறுக்கு. வேற ஒண்ணுமில்ல."

பதினெட்டு வருஷம் அவரோடு டீ குடித்திருக்கிறேன். இதை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எங்கள் வீடு காடுகரை உள்ள வீடு. என் சின்ன வயதில் எங்கள் தொழுவத்துச் சுவரிலும் நாலைந்து சிரட்டைகள் தொங்கின. அவை யாருக்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கய்யாவுக்கும் சிரட்டைதான்" என்றார். பிறகு, வேலைக்களத்தில் ஆளை ஏவுகிற அதே குரலில், "தாகமா இருக்குண்ணே. எனக்கு ஒரு கிளாஸுல தண்ணி குடுங்க. நல்லதாப் பாத்து எடுங்க" என்றார்.

'ஏங்க' போய் 'அண்ணே' வந்துவிட்டது. நிவேதாவின் அம்மா உள்ளேயிருந்து, "மதினி!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்தார். செம்போடு வந்தவரைக் கிளாஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார்.

"இரு, இரு. தங்கச்சிக்கு எதுன்னு பாக்கணும்."

அட பாவி மனுஷா! பெண்ணின் கல்யாணம் ஒரு வாய்த் தண்ணீரில் நிற்கிறது, இவர் கிளாஸ் தேடுகிறார்! பதினோரு நிமிஷம் தேடினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நீளக் காலும் பூ வேலைப்பாடுமாக ஒரு கிளாஸை எடுத்துத் துடைத்து, தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மாவும் இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். கதவோரம் நின்ற நிவேதா அழுதுகொண்டே சிரித்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக, "அந்த விஸ்கி..." என்றார்.

"மோந்துட்டுக் குடுத்துருங்க" என்றார் அந்த அம்மா. மனிதர் கண்ணை மூடிக் கால் மணி நேரம் மோந்துவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் வீடு திரும்பியதில்லை என்று பிற்பாடு மகன் சொன்னான்.

வைகாசியில் கல்யாணம். ஷோகேஸில் முதல் தட்டைக் காலி செய்து நிவேதாவின் கோகோ கப்பை வைத்தார் கிளாஸ்காரர். மறுவீட்டுக்கு வந்தவர்களை வழியனுப்பிவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு காலுறையைக் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு கிளாஸ். குட்டையாக, அகல வாயோடு, அடி கெட்டியாக இருந்தது.

"புடிபட்டுருச்சு சார், உங்களுக்கு எதுன்னு. வாய் கொஞ்சம் அகலம். ஆனா அடி கனம். லேசுல கவுந்துராது."

எனக்குப் பொறுக்கவில்லை. "டீக்கடையில உளறுனது நாந்தான்" என்றேன்.

"அன்னைக்குச் சாயங்காலமே டீ மாஸ்டர் சொல்லிட்டாரு."

"அப்ப ஏன்யா என்கிட்ட கேக்கல?"

"கேட்டிருந்தா வெக்கப்பட்டு வீட்டுல படுத்திருப்பீக. காரியாபட்டி பஸ்ஸு ஏறியிருக்க மாட்டீக" என்றார். நூலின் பலத்தைச் சோதிக்கிற மனிதருக்கு என் பலம் தெரியாதா?

இப்போது இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. வயிற்றுப்புண்ணுக்கு டாக்டர் சீரகத் தண்ணீர்தான் குடிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் கிளாஸில்தான் குடிக்கிறேன். தினமும் காலையில் ஒரு வேளை. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் சாயங்காலமும் ஒரு முறை போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மோந்துவிட்டு, சரியாக ஐந்தே முக்காலுக்கு வாயில் வைக்கிறேன். திருச்சுழியில் அவரும் அந்நேரம்தான் கிளாஸை எடுத்து முடித்திருப்பார்.